நன்னீர் மீனில் 96 மணிநேர நச்சுச் சோதனை: மட்டக்களப்பு, அம்பாறை ஆய்வுகூடங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாகனம் கழுவும் நிலையத்து நுரை, மருதமுனைத் தறிகளுக்கு நூல் சாயமிட்டபின் அலசிய நீர், அரிசி ஆலையின் தளம் கழுவிய நீர் எல்லாமே ஏதோ ஒரு வாய்க்காலில் இறங்கி, குளத்தையோ வாவியையோ அடைகின்றன. "அந்த இரசாயனம் மீனைக் கொல்லுமா?" என்று கேட்டால் யாரும் ஒரு பதில் சொல்லிவிடலாம். எந்தச் செறிவில், எவ்வளவு நேரத்தில், எத்தனை மீனை என்று கேட்டால்தான் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

இதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் முறை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் 203 ஆம் இலக்க வழிகாட்டி. 1981 இல் வெளிவந்த அது 1992 இலும் 2019 இலும் திருத்தப்பட்டது. பழைய பாடக்குறிப்புகளில் கிடைப்பது பெரும்பாலும் 1992 பதிப்பு என்பதால் எதை வைத்து வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். சோதனையின் சாரம் எளிது: ஒரே அளவான மீன்களை இரசாயனத்தின் ஐந்து வெவ்வேறு செறிவுகளில் 96 மணிநேரம் வைத்து, எத்தனை இறக்கின்றன என்று எண்ணுவது. பாதி மீன்களைக் கொல்லும் செறிவைக் கணக்கிட்டு எடுப்பதே எல்.சி.50.

எண்ணுவதும் கணக்கிடுவதும் சிறிய வேலை. அந்த நான்கு நாள்களுக்கு முன்னர் தண்ணீருக்கும் மீனுக்கும் செய்ய வேண்டியதே பெரிய வேலை. நம் பகுதி மாணவர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

உதாரணத்துக்கு சோடியம் லோரில் சல்பேற்றை எடுத்துக்கொள்கிறேன். சம்பு, பற்பசை, வாகனம் கழுவும் திரவம் எனப் பலவற்றில் நுரை தருவது இதுதான். மலிவு, நீரில் நன்கு கரையும், அளப்பதற்கும் முறை உண்டு. சோதனைக்காரரைத் தடுக்கி விழவைக்கும் குணங்களும் இதற்கு உண்டு என்பதால் கற்றுக்கொள்ள உகந்தது.

படி 1: மீன் உண்மையிலேயே தேவையா?

முழுச் சோதனைக்கு 42 மீன்கள் வேண்டும்: ஐந்து செறிவுகளுக்கும் இரசாயனம் போடாத ஒரு கட்டுப்பாட்டுத் தொட்டிக்கும் தலா 7. அவற்றில் பல துன்பப்பட்டுச் சாகும். ஆகவே வேறு வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்த இரசாயனத்துக்கு ஏற்கெனவே நம்பகமான மீன் தரவு இருந்தால் இன்னொரு தடவை கொல்வதில் அர்த்தமில்லை. இல்லையென்றால் பாசிச் சோதனையையும் (வழிகாட்டி 201) நீர்த்தெள்ளு (டப்னியா) சோதனையையும் (202) முதலில் செய்து, அவற்றில் எது குறைந்த செறிவில் பாதிப்பைக் காட்டுகிறதோ அந்தச் செறிவு ஒன்றில் மட்டும் மீனைச் சோதிக்கலாம். மீன் சாகவில்லை என்றால் வேலை முடிந்தது. வரிக்குதிரை மீனின் முட்டைக் கருவில் செய்யும் சோதனை (236) 2013 இலும், மீனின் பூ (செவுள்) கலங்களில் செய்யும் சோதனை (249) 2021 இலும் வந்துவிட்டன.

இரசாயனத்தின் நச்சுத்தன்மை குறைவு என்று எதிர்பார்த்தால் எல்லைச் சோதனை போதும்: லீற்றருக்கு 100 மில்லிகிராமில் 7 மீன், கட்டுப்பாட்டில் 7 மீன். ஏழும் பிழைத்தால் எல்.சி.50 நூறுக்கு மேல் என்று 99 சதவீத நம்பிக்கையோடு எழுதலாம். எல்.சி.50 சரியாக நூறாக இருந்திருந்தால், ஏழு மீனும் தற்செயலாகத் தப்புவதற்கான வாய்ப்பு 128 இல் ஒன்றுதானே.

மீன்தான் வேண்டும் என்று முடிவானால், விலங்குப் பரிசோதனைகளுக்கான நெறிமுறைக் குழுவின் அனுமதியை மீன் வாங்குவதற்கு முன்பே பெறுங்கள். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ படிப்பவர் என்றால் வழிகாட்டும் விரிவுரையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். அனுமதியில்லாத சோதனையை நல்ல ஆய்விதழ் எதுவும் ஏற்காது.

படி 2: எந்த மீன்?

குளத்து மீனில் செய்தால்தான் நம் ஊருக்குப் பொருந்தும் என்ற ஆசை பலருக்கும் வரும். உடனே விராலும் பனையேறியும் நினைவுக்கு வரும், ஏனென்றால் அவை எளிதில் சாகாமல் வீடு வரை உயிரோடு வரும். அதே காரணத்தால்தான் அவை இந்தச் சோதனைக்கு ஆகாது. இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேராகச் சுவாசிப்பவை. நாம் எடுத்த சோடியம் லோரில் சல்பேற்று போன்ற அழுக்ககற்றிகள் பூவின் மேற்றோலைச் சிதைத்து மூச்சை அடைத்துத்தான் கொல்கின்றன. பூவை முழுதாக நம்பியிராத மீனில் சோதித்தால் இரசாயனம் உண்மையைவிடச் சாதுவாகத் தெரியும்.

மட்டக்களப்பு வாவி மீன்களும் உதவா. மீன் பாடும் தேன் நாடு என்ற பெயர் இருந்தாலும் அந்த நீர் உவர்நீர். அங்கே வளர்ந்த மீனை நன்னீரில் போட்டால் உப்புமாற்றத்தின் தாக்கமும் இரசாயனத்தின் தாக்கமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.

வழிகாட்டி பரிந்துரைக்கும் மீன்களில் நமக்கு எளிதில் கிடைப்பவை கப்பியும் வரிக்குதிரை மீனும். இரண்டு சென்ரிமீற்றரை அண்டிய இளம் மீன்கள், ஒரே தொகுதியில் பிறந்தவை, ஒரே இடத்தில் வாங்கியவை வேண்டும். கப்பியில் ஆணும் பெண்ணும் உருவத்தில் வேறுபடுவதால், பால் தெளிவாகும் முன்னர் உள்ள குஞ்சுகளை எடுப்பது நல்லது. வாய்க்காலில் வலைபோட்டுப் பிடித்த கப்பி வேண்டாம். அது ஏற்கெனவே எதைக் குடித்து வளர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

அலங்கார மீன் கடையில் வாங்கினால், மீனுக்கு அண்மையில் மருந்து போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் மெத்திலீன் நீலம், மலக்கைற்றுப் பச்சை, போமலின் போடுவது கடைகளில் வழக்கம். அப்படிப்பட்ட தொகுதியை விட்டுவிடுங்கள்.

படி 3: தண்ணீர்

இங்கே அவசரப்படாதீர்கள். மட்டக்களப்பு நகரும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கும் மணல் நிலத்தில் அமைந்தவை. அங்குள்ள கிணறுகளில் நன்னீர், உவர்நீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. மாரியில் இனிக்கும் கிணறு கோடை முற்றும்போது கரிக்கத் தொடங்கும். பெப்ரவரியில் ஒரு சோதனையும் ஓகஸ்டில் இன்னொன்றும் அதே கிணற்று நீரில் செய்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், ஒப்பிடுவது இரண்டு வெவ்வேறு தண்ணீரைத்தான்.

குழாய் நீர் அதைவிடச் சீரானது. மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். ஆனால் அதில் குளோரின் இருக்கும், மீனுக்குக் குளோரினே நஞ்சு. எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழே வர வேண்டும். திறந்த தொட்டியில் ஒன்றிரண்டு நாள் காற்றூட்டி வைத்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கைப் பயன்படுத்தலாம்: 1 மில்லிகிராம் குளோரினுக்குப் பொதுவாக 7 மில்லிகிராம். சோதிக்கும் பொருள் செம்பு, வெள்ளி போன்ற உலோக உப்பு என்றால் தயோசல்பேற்றைத் தொடாதீர்கள். அது உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நச்சுத்தன்மையைக் குறைத்துக் காட்டிவிடும்.

அளந்து குறிக்க வேண்டியவை: பி.எச். 6.0 முதல் 8.5 வரை, கடினத்தன்மை கல்சியம் காபனேற்றாக லீற்றருக்கு 10 முதல் 250 மில்லிகிராம், கடத்துதிறன், அமோனியா, குளோரின். கடினத்தன்மையை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம். அழுக்ககற்றிகளின் நச்சுத்தன்மை கடினத்தன்மையோடு மாறும், உலோகங்களுடையது இன்னும் அதிகமாக மாறும். முழுச் சோதனைக்கும் பழக்கப்படுத்தும் காலத்துக்கும் ஒரே நீரே வேண்டும் என்பதால் தேவையான அளவை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமியுங்கள்.

படி 4: வெப்பமும் ஒட்சிசனும்

கப்பிக்கும் வரிக்குதிரை மீனுக்கும் வழிகாட்டி கேட்கும் வெப்பநிலை 21 முதல் 25 பாகை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் அறைத் தண்ணீர் முப்பதைத் தொட்டு நிற்கும். குளிரூட்டி உள்ள அறை இருந்தால் இரவு பகலாக ஓடவிட்டு 25 இல் நிறுத்துங்கள். பகலில் மட்டும் குளிரூட்டி இரவில் நிறுத்தும் அறை, குளிரூட்டியே இல்லாத அறையைவிட மோசமானது. வெப்பநிலை ஏறி இறங்குவதே மீனுக்கு இன்னொரு தாக்கம்.

குளிரூட்ட வசதியே இல்லையென்றால், 28 பாகையில் சீராக நடத்தி அதை அப்படியே எழுதலாம். நம் குளங்களின் நிலைமைக்கு அதுவே நெருக்கம் என்றும் வாதிடலாம். ஆனால் அதை 203 இன்படி செய்த சோதனை என்று அழைக்கக் கூடாது. வெப்பம் கூடும்போது பல இரசாயனங்களின் நச்சுத்தன்மையும் கூடுவதால், வெளிநாட்டுத் தரவுடன் ஒப்பிடும்போது அந்த வேறுபாடு அறிக்கையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒட்சிசன் முழுக்கரைவில், அதாவது அந்த வெப்பநிலையில் நீர் கரைத்து வைக்கக்கூடிய உச்ச அளவில், 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 25 பாகையில் முழுக்கரைவு லீற்றருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம், 30 பாகையில் 7.6 தான். ஆகவே உங்கள் எல்லை முறையே 5.0 உம் 4.5 உம் ஆகும். வெந்நீரில் ஒட்சிசன் குறைவு, மீனின் தேவையோ அதிகம். சாதாரணமாகக் காற்றூட்டியைப் போட்டுவிடலாம். ஆனால் நாம் எடுத்த பொருளில் காற்றுக் குமிழி விட்டால் தொட்டி முழுக்க நுரை பொங்கும். இரசாயனம் நுரையோடு மேலே ஏறிவிடும், நீரில் செறிவு குறையும். எனவே அழுக்ககற்றிக்குக் காற்றூட்டாமல், தண்ணீரின் அளவைக் கூட்டியும் தினமும் கரைசலை மாற்றியும் ஒட்சிசனைக் காக்க வேண்டும்.

தண்ணீரின் அளவுக்கும் கணக்கு உண்டு. நீர் தொடர்ந்து ஓடிக்கொண்டிராத நிலைநீர்ச் சோதனையில் ஒரு லீற்றருக்கு 0.8 கிராம் மீனுக்கு மேல் இருக்கக் கூடாது. தலா அரைக் கிராம் உள்ள 7 மீன் என்றால் 3.5 கிராம், குறைந்தது 4.4 லீற்றர் வேண்டும். நம் வெப்பத்துக்கு 10 லீற்றர் கண்ணாடித் தொட்டியே மனதுக்கு நிம்மதி.

படி 5: பழக்கப்படுத்தல்

மீனைக் கொண்டுவந்த அன்றே சோதனைக்குப் போடாதீர்கள். 2019 பதிப்பு குறைந்தது 9 நாள் பழக்கச் சொல்கிறது, பழைய பதிப்பு 12 நாள். சோதனைக்குரிய அதே நீர், அதே வெப்பநிலை, 12 முதல் 16 மணிநேர வெளிச்சம். உணவு கொடுங்கள், கழிவை அகற்றுங்கள், இறப்பைக் குறியுங்கள். முதல் 48 மணிநேரம் கழிந்தபின் வரும் ஏழு நாளில் இறப்பு 5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் தொகுதியை ஏற்கலாம். 5 முதல் 10 என்றால் இன்னும் ஏழு நாள் பழக்குங்கள். 10 ஐத் தாண்டினால் முழுத் தொகுதியையும் ஒதுக்குங்கள். மிஞ்சியவை நன்றாகத்தானே நீந்துகின்றன என்று மனம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள்.

சோதனைக்கு 24 மணிநேரத்துக்கு முன்பே உணவை நிறுத்த வேண்டும். சோதனையின்போதும் உணவில்லை. உணவு மிச்சமும் எச்சமும் அமோனியாவாகும், பி.எச்சும் வெப்பமும் உயர்ந்த நீரில் அமோனியாவே மீனைக் கொல்லும்.

படி 6: கரைசலும் செறிவுகளும்

பொதியில் உள்ள தூய்மைச் சதவீதத்தைப் படியுங்கள். 95 சதவீதத் தூள் என்றால் 1 கிராம் பெற 1.053 கிராம் நிறுக்க வேண்டும். தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் முகக்கவசமும் கையுறையும் போட்டே நிறுங்கள். அதை ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் உள்ள மூலக்கரைசல் கிடைக்கும். குலுக்காமல் மெதுவாகக் கலக்குங்கள், நுரை அடங்கிய பின்னரே அளவுக்கோட்டைப் பாருங்கள்.

முன்னோட்டமாக 1, 10, 100 என்ற பரந்த செறிவுகளில் மிகச் சில மீன்களைப் போட்டு, எந்த இடைவெளியில் சாவு தொடங்குகிறது என்று பாருங்கள். பிறகு அந்த இடைவெளிக்குள் ஐந்து செறிவுகளைத் தெரிவுசெய்யுங்கள். அடுத்தடுத்த செறிவுகளுக்கு இடையிலான மடங்கு 2.2 ஐத் தாண்டக் கூடாது. நம் உதாரணத்தில் இரட்டித்துப் போகலாம்: 2, 4, 8, 16, 32. பத்து லீற்றர் தொட்டிக்கு மூலக்கரைசல் முறையே 20, 40, 80, 160, 320 மில்லிலீற்றர். மூலக்கரைசலை ஊற்றியபின் பத்து லீற்றர் வரை நிரப்ப வேண்டும். பத்து லீற்றருக்கு மேல் ஊற்றினால் கடைசித் தொட்டியின் செறிவு 32 ஆக இருக்காது, 31 ஆகிவிடும்.

நீரில் கரையாத பொருளுக்குக் கரைப்பான் வேண்டியிருந்தால் லீற்றருக்கு 0.1 மில்லிலீற்றரே உச்சம். அத்துடன் கரைப்பான் மட்டும் உள்ள இன்னொரு கட்டுப்பாட்டுத் தொட்டியும் வேண்டும்.

போட்ட செறிவு நான்கு நாளும் அப்படியே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சோடியம் லோரில் சல்பேற்றை நுண்ணுயிர்கள் விரைவாகச் சிதைக்கும், நம் வெப்பத்தில் இன்னும் விரைவாக. ஆகவே 24 மணிநேரத்துக்கு ஒரு தடவை புதுக் கரைசலுக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து மெத்திலீன் நீல முறையில் அளவிடுங்கள். அளந்தது, போட்டதில் 80 முதல் 120 சதவீதத்துக்குள் நின்றால் போட்ட செறிவை வைத்தே கணக்கிடலாம். நிற்காவிட்டால் அளந்த செறிவின் சராசரியை வைத்துத்தான்.

படி 7: 96 மணிநேரம்

திங்கள் காலையில் தொடங்குங்கள், வெள்ளி காலையில் முடியும். போயா விடுமுறையையும் நாட்காட்டியில் பாருங்கள், ஆய்வுகூடம் பூட்டியிருந்தால் யாரும் எண்ண முடியாது. மின்தடைக்கு மாற்று ஏற்பாடு செய்து வையுங்கள். தொட்டிகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். வலமிருந்து இடமாகச் செறிவு கூடும்படி அடுக்கினால் யன்னல் வெயிலும் உங்கள் எதிர்பார்ப்பும் முடிவில் கலந்துவிடும். மீன்களையும் அப்படியே குலுக்கல் முறையில் பகிருங்கள். எளிதில் பிடிபட்ட சோர்ந்த மீன்களெல்லாம் முதல் தொட்டிக்குள் போய்விடக் கூடாது.

முதல் நாளில் குறைந்தது இரண்டு தடவை பார்க்க வேண்டும், மூன்றாவதும் ஆறாவதும் மணிநேரங்கள் ஏற்றவை. அதன்பின் நாளுக்கு இரு தடவை. பூவின் மூடி அசையாமல், வாலடியை மெல்லத் தொட்டாலும் அசையாமல் இருந்தால் அது இறந்த மீன். உடனே எடுத்துவிடுங்கள்.

இறப்பு மட்டும் போதாது. சமநிலை தவறுதல், நீர்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்குதல், சுழன்று நீந்துதல், நிறம் கறுத்தல், உடலில் சளி படிதல் ஆகியவற்றை எந்தத் தொட்டியில் எத்தனை மீனில், எத்தனையாவது மணியில் என்று எழுதுங்கள். இரசாயனம் எப்படித் தாக்குகிறது என்பதை இந்தக் குறிப்புகள்தான் சொல்லும். இனிப் பிழைக்காது என்று தெளிவாகத் தெரியும் மீனைத் துடிக்கவிடாமல், அளவுக்கதிகமான மயக்க மருந்தில் அமைதியாக இறக்கச் செய்து இறப்பாகவே எண்ணுங்கள். கராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோல் இதற்குப் பயன்படும். எந்த மருந்து என்பதை நெறிமுறை அனுமதியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வெப்பநிலை, பி.எச்., ஒட்சிசன் மூன்றையும் ஒவ்வொரு தொட்டியிலும் தினமும் அளந்து குறியுங்கள். 7 மீன் உள்ள கட்டுப்பாட்டுத் தொட்டியில் ஒன்றுக்கு மேல் இறந்தால் சோதனை செல்லாது. மற்றத் தொட்டிகளின் எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

படி 8: கணக்கு

விளக்கத்துக்காக நானே இட்டுக்கட்டிய எண்கள் இவை: 2, 4, 8, 16, 32 மில்லிகிராமில் 96 மணிநேர முடிவில் ஏழில் இறந்தவை முறையே 0, 1, 3, 6, 7. ஸ்பியர்மன்-கார்பர் முறையைக் கையாலேயே செய்யலாம். ஒவ்வொரு இடைவெளியிலும் கூடுதலாக இறந்த மீன்கள் 1, 2, 3, 1. அந்த இடைவெளிகளின் நடு மடக்கைகள் 0.4515, 0.7525, 1.0535, 1.3545. எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 6.4715, ஏழால் வகுத்தால் 0.9245. அதன் எதிர்மடக்கை 8.4. ஆக, எல்.சி.50 லீற்றருக்கு 8.4 மில்லிகிராம்.

இம்முறைக்கு ஒரு முனையில் யாரும் இறக்காததும் மறுமுனையில் எல்லாம் இறந்ததும் வேண்டும். இடையில் பகுதி இறப்புகள் குறைந்தது இரண்டு இருந்தால், செறிவின் மடக்கைக்கும் இறப்புக்கும் ஒரு கோட்டைப் பொருத்தும் புரொபிட் முறையும் சரிவரும். அது நம்பக எல்லைகளையும் சாய்வையும் தரும், 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். 8 மில்லிகிராமில் ஒரு மீனும் சாகாமல் 16 மில்லிகிராமில் எல்லாம் செத்துவிட்டால் இரண்டின் பெருக்குச் சராசரியான 11.3 ஐ மதிப்பீடாகக் கொடுத்து, 8 ஐயும் 16 ஐயும் எல்லைகளாக எழுதுவதே நேர்மை. மென்பொருளை வற்புறுத்தினால் அது ஏதோ ஒரு எண்ணைத் தரும், அதை நம்ப வேண்டாம்.

இரசாயனங்களை வகைப்படுத்தும் உலக ஒத்திசைவு முறையில் 1 மில்லிகிராமும் அதற்குக் கீழும் முதலாம் வகை, 1 இற்கு மேல் 10 வரை இரண்டாம் வகை, 10 இற்கு மேல் 100 வரை மூன்றாம் வகை. நம் கற்பனை முடிவு இரண்டாம் வகை. நம்பக எல்லை பத்தைத் தாண்டிப் போகிறது என்றால் அதையும் அதே வரியில் எழுதுங்கள்.

படி 9: அறிக்கையும் கழிவும்

மீன் இனம், நீளம், எடை, வாங்கிய இடம், நீரின் கடினத்தன்மை, வெப்பநிலை வீச்சு, அளந்த செறிவு, கரைசல் மாற்றிய இடைவெளி ஆகியவை இல்லாத எல்.சி.50 ஐ வேறொருவர் பயன்படுத்த முடியாது. இது தூய பொருளின் நான்கு நாள் தாக்கம் மட்டுமே என்பதையும் எழுதுங்கள். வாய்க்காலில் ஓடும் கழிவுநீரில் வேறு பத்துப் பொருள்கள் இருக்கும், அதற்குக் கழிவுநீரையே சோதிக்க வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் முறைப்பாட்டுக்கு ஆதாரமாக இந்த எண்ணைக் கொண்டுபோக நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

எஞ்சிய கரைசலை வடிகாலில் ஊற்றாதீர்கள். கலனில் சேர்த்து, நிறுவனத்தின் இரசாயனக் கழிவு ஏற்பாட்டிடம் ஒப்படையுங்கள். குரோமியம் போன்ற உலோகக் கரைசல்களைத் தனிக் கலனில், பெயரும் திகதியும் ஒட்டி வையுங்கள். உயிர்தப்பிய மீன்களை இரக்கப்பட்டு வாய்க்காலில் விடக் கூடாது, வீட்டுத் தொட்டிக்கும் கொண்டுபோகக் கூடாது. அவற்றையும் மயக்க மருந்தில் இறக்கச் செய்து, இறந்தவற்றோடு சேர்த்து எரியூட்டலுக்கு அனுப்புங்கள். தொட்டிகளை ஐதான அமிலத்தால் கழுவி, குழாய் நீரிலும் பின்னர் காய்ச்சி வடித்த நீரிலும் பல தடவை அலசுங்கள். அவற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அடுத்த சோதனையின் கட்டுப்பாட்டுத் தொட்டியிலும் அழுக்ககற்றி இருக்கும்.